மூன்றில் ஒரு பங்கு

அஸ்தம்பட்டியில் என் வேலை
பிறர் ரத்தத்தைக் குழாயில் எடுத்து எண் சொல்வது.
யூரியா, கிரியாட்டினின், இன்ன பிற.
ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்தால்
மறுபடி ஒரு குழாய், மறுபடி சொட்டு மருந்து,
அடுப்பு மேடையில் ஐந்து நிமிடம்.
மஞ்சள் என்றால் சரி.
பச்சை.

தனசீலனுக்குப் பிரஷர்.
மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இறங்கும் என்று
ஷிஃப்டில் யாரோ சொல்லிவிட்டார்கள்.
இரண்டடித் தொட்டி, நீலக் கூழாங்கல்,
பிளாஸ்டிக் அரண்மனை, ஆறு நியான் டெட்ரா,
எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.
மூன்றாம் நாள் தண்ணீர்
அரிசி களைந்ததுபோல் ஆனது.
அவருக்குப் பிரஷர் ஏறியது.

நாங்கள் சுத்தக்காரர்கள்.
முழுத் தண்ணீரையும் இறைத்தோம்.
அரண்மனையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தோம்.
ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து
கடையில் வாங்கிய வெள்ளைக்கே கொண்டுவந்தோம்.
பளிங்காய் இருந்தது இரண்டு நாள்.
பிறகு ஒரு மீன் பக்கவாட்டில் நீந்தியது,
நீந்துவதாகத்தான் முதலில் நினைத்தோம்.

தண்ணீர்மேல்தான் சந்தேகம்.
எங்கள் தெருவுக்கு மேட்டூர்த் தண்ணீர்
நாலு நாளுக்கு ஒருமுறை;
அதற்கு முன்னால் குளோரின் வாடை வந்துவிடும்.
மற்ற நாளெல்லாம் போர்.
வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி இது,
வாளியில், ஷவர்க் கண்ணில், இட்லிக் குண்டான் அடியில்
சுண்ணாம்பாய்ப் பூத்துவிடும்.
அந்தக் காரத்தில்
துளி அமோனியாவுக்கும் கொம்பு முளைக்கும்.

தனசீலன் ஏற்காட்டுக்குக் கிளம்பினார்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன்.
காப்பித் தோட்டத்து ஊற்று,
நாக்கில் வைத்தால் எதுவுமே இல்லாத நீர்.
இறங்கும்போது மூடி கழன்று
பேன்ட் நனைந்து, பல் கிட்டி வந்தார்.
பாதி கேன் மிச்சம். ஊற்றினோம்.
மறுநாள் பச்சை. அதே பச்சை.
மீன் போகிற மூத்திரத்தை என்ன செய்வதென்று
மலைத் தண்ணீருக்கும் தெரியவில்லை.

அம்மாபேட்டைக் கடையில் ஷபீர்
என் நோட்டைப் புரட்டினார்:
தேதி, நிறம், எத்தனை வாளி.
"தண்ணிமேல தப்பில்ல மேடம்.
கழுவிக்கிட்டே இருக்கீங்களே, அதான்."
தன் பழைய தொட்டியிலிருந்து பஞ்சை உருவி
சொட்டச் சொட்டக் கவரில் போட்டுக் கட்டினார்.
பழுப்பு. வழவழப்பு. மழை விட்ட மண்ணின் வாடை.
"சத்தியமா சொல்றேன், அலசிடாதீங்க."
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்து ரோடு சிக்னலில்தான் எனக்கு உறைத்தது,
பதினோரு வருஷமாய் என் மேஜையில் கிடந்த விஷயம்:
தொட்டிக்குச் சிறுநீரகம் முளைக்கவில்லை.
முளைக்க முளைக்க நாங்கள்
பிழிந்து சாக்கடையில் விட்டிருக்கிறோம்.

டயாலிசிஸுக்கு முன் ரத்தம் கொடுக்க வருபவர்
கொண்டலாம்பட்டி பொன்னரங்கம்,
ஜவ்வரிசி லாரி ஓட்டியவர்.
நரம்பு கிடைக்காமல் நான் தேடும்போது
மீன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"மொத்தமா மாத்தினா தாங்காதும்மா.
எனக்கு ஒருநாள் வேகமா இழுத்துட்டாங்க,
கண்ணே இருட்டிருச்சு.
மெல்ல மெல்லத்தான்."

மூன்றில் ஒரு பங்கு, வாரம் இருமுறை,
ராத்திரி முழுக்க வாளியில் ஆற வைத்த நீர்.
தீனி ஒரு சிட்டிகையில் பாதி.
இன்னொரு குழாயில் ஊதா வந்தது,
ஒன்பது நாள் ஊதா,
அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான்
இருந்ததிலேயே கஷ்டமான வேலை.
மீன் இரண்டாகியிருந்தது.
மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, மஞ்சள்.
நம்பாமல் பாட்டிலில் தேதி பார்த்தேன்.
தொட்டி முன்னால் தனசீலன்
வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை பொன்னரங்கம் வந்தார்,
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்
மீன் எப்படி என்று.
மஞ்சள் வந்துவிட்டது என்றேன்.
சிரித்தார். "எனக்கு?"
ரிப்போர்ட் ஆறு மணிக்கு என்றேன்.